சமூகவியல் எடுத்தால் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம்தானா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கலைப்பிரிவில் உயர்தரம் முடித்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியும் வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்க ஆசை. ஆனால் மாமா ஒருவர் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்த கையோடு, "அதைப் படிச்சால் கடைசியில கச்சேரி வாசல்ல சத்தியாக்கிரகம் இருக்கத்தான் சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம் (கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம்). அம்மா அன்றிலிருந்து பயந்துபோய் இருக்கிறார். உண்மையில் அதில் என்ன படிப்பார்கள், என்ன வேலை கிடைக்கும், கணிதம் சரிவராத ஒருவர் சமாளிக்கலாமா, இதுதான் அவருடைய மூன்று கேள்வியும்.

நான் பேராதனையில் சமூகவியல் சிறப்புப் பட்டம் முடித்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அதில் பாதிக் காலம் என்ஜிஓக்களில், மீதி அரச அலுவலகத்தில், முழுக்க முழுக்க திருகோணமலை மாவட்டத்துக்குள்ளேயே. ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள், முடிந்தால் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் மாமாவைக் கோபிக்க வேண்டாம். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். 2017இல் கிழக்கில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வெயிலில் கொட்டகை போட்டு இருந்தார்கள், அதில் என்னோடு படித்தவர்களின் தம்பி தங்கைகளும் இருந்தார்கள். ஆனால் அங்கே இருந்தது சமூகவியல் மட்டுமில்லை. தமிழ், வரலாறு, புவியியல், இந்து நாகரிகம், வேறு பீடத்துப் பிள்ளைகள் என்று எல்லோரும்தான். பிறகு 2020இல் நாடு முழுவதும் சுமார் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தார்கள், மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில். அவர்களில் பலர் இப்போது பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். சில அலுவலகங்களில் ஆளுக்கொரு கதிரை கூடக் கிடையாது என்பது வேறு கதை. மாமா சொல்வதில் எடுக்க வேண்டியது ஒன்றுதான்: பட்டம் முடித்தால் அரசாங்கம் கூப்பிடும் என்று காத்திருப்பது ஒரு திட்டமே இல்லை. எந்தப் பாடம் எடுத்தாலும் அது பொருந்தும்.

அப்புறம் இன்னொரு உண்மை. வைத்தியம் படித்தால் வைத்தியர், சட்டம் படித்தால் சட்டத்தரணி என்கிற மாதிரி, சமூகவியல் படித்தால் சமூகவியலாளர் என்று பெயர்ப்பலகை போட்ட கதிரை பல்கலைக்கழகத்துக்கு வெளியே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். உங்களை வேலைக்கு எடுப்பவர் பாடத்தின் பெயரைப் பார்த்து எடுக்கமாட்டார். ஒரு கிராமத்துக்குப் போய், ஆட்களோடு இருந்து கதைத்து, எண்ண வேண்டியதை எண்ணி, திரும்பி வந்து மற்றவருக்கு விளங்கும்படி பத்துப் பக்கம் எழுதுவதற்கு உங்களால் முடியுமா என்றுதான் பார்ப்பார். அந்தத் திறமையைச் சமூகவியல் வடிவாகச் சொல்லித்தரும், நீங்கள் படிக்கிற விதத்தில் படித்தால். நோட்ஸ் பாடமாக்கிச் சோதனை எழுதினால் நான்கு வருடம் போனதுதான் மிச்சம்.

என்ன படிப்பார்கள்? முதல் வருடத்தில் கொம்ற், டுர்கைம், வெபர், மார்க்ஸ் என்று ஐரோப்பிய அறிஞர்கள், பெரும்பாலும் தாடிக்காரர்கள், வரிசையாக வருவார்கள். பிறகு குடும்பம், சாதி, வர்க்கம், மதம், இனத்துவம், பால்நிலை, கிராமம், நகரம், குற்றம், இடப்பெயர்வு, அதோடு ஆய்வு முறைகள். இலங்கையில் இந்தப் பாடம் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1940களின் கடைசியில் தொடங்கியது. நம்முடைய மானிடவியலாளர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா 1950களில் அங்கே படிப்பித்துவிட்டுத்தான் கேம்பிரிட்ஜ், ஹார்வர்ட் என்று போனார். பெயரைத் தெரிந்துவைத்திருங்கள், நேர்முகப் பரீட்சையில் கேட்காவிட்டாலும் நமக்கே ஒரு நிமிர்வு.

பெயர்களை விடுங்கள், சிந்திக்கிற முறையைச் சொல்கிறேன். டுர்கைம் 1897இல் தற்கொலையைப் பற்றி ஒரு ஆய்வு எழுதினார். இவ்வளவு தனிப்பட்ட ஒரு துயரத்துக்கும் சமூகத்தில் காரணம் இருக்கிறது, ஆளுக்கு ஆள் வேறுபடுகிற கதைகளுக்குப் பின்னால் ஒரு வீதம் இருக்கிறது என்றார். பரீட்சைக்கு எல்லோரும் இதை எழுதுவோம். ஆனால் நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள்: 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47, உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. கடும் நச்சுப் பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள், அடுத்த இருபது வருடத்துக்குள் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அந்த இருபது வருடத்துக்குள் போர், சுனாமி, கடன் எல்லாம் வந்து போனது. அப்படியிருந்தும் வயல்வீட்டு மூலையில் இருந்த ஒரு போத்தலை இல்லாமல் செய்தது ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றியது. "அவர் மனத்தைரியம் இல்லாதவர்" என்று ஊர் சொல்லும் இடத்தில் "அவருக்குக் கையெட்டும் தூரத்தில் என்ன இருந்தது?" என்று கேட்பதுதான் இந்தப் பாடம்.

எனக்கு இது விளங்கியது வகுப்பில் இல்லை. 2004 மார்கழியில் சுனாமி. நான் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். 2005 தொடக்கத்தில் ஒரு நிறுவனம் வீடிழந்தவர்களின் விபரம் எடுக்க ஆட்களைச் சேர்த்தது, நானும் போனேன். நகரத்துக்கு வடக்கே ஒரு கரையோரக் கிராமம். படிவத்தில் மூன்றாவது கேள்வி "குடும்பத் தலைவரின் பெயர்". நான் ஒவ்வொரு கூடாரமாகப் போய்க் கணவன் பெயரை எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு அக்கா, நாற்பது வயது இருக்கும், கூடார வாசலில் குந்தியிருந்து நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, அப்ப புது வீடு ஆர்ர பேரில வரும்?" கணவரின் பெயரில், என்று படிவத்தைக் காட்டினேன். "அதெப்பிடி? வளவு என்ர. அம்மா சீதனமாத் தந்தது. அவர் என்னைக் கட்டி இங்க வந்தவரெல்லோ."

எனக்குப் பதில் தெரியவில்லை. கிழக்கில், தமிழரிலும் முஸ்லிம்களிலும், வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து இருப்பார் என்பது ஊரறிந்த வழக்கம். இரண்டாம் வருடத்தில் உறவுமுறை பற்றிய பாடத்தில் இதைப் படித்து, ஒரு கேள்விக்கு நல்ல புள்ளியும் எடுத்திருந்தேன். என்னுடைய அப்பாவே அப்படி வந்தவர்தான். அப்படியிருந்தும் கையில் படிவம் இருந்தபோது அது எனக்கு உறைக்கவேயில்லை. சுனாமி அடித்துக்கொண்டு போனது பெண்களின் சொத்தை, நாங்கள் திருப்பிக் கொடுக்கப்போவது ஆண்களின் பெயரில், நடுவில் இருந்தது "தலைவர்" என்ற ஒரு சொல்.

அன்று இரவு லாம்பு வெளிச்சத்தில் படிவங்களை விரித்துவைத்து, அடுத்த நாள் திரும்பப் போய், ஓரத்தில் பேனையால் ஒரு கேள்வி சேர்த்தேன்: வளவு யாருடையது, எப்படி வந்தது. பாதிக்கு மேல் மனைவியின் பக்கத்தால் வந்ததுதான். மேலாளர் முதலில் ஏசினார், அச்சடித்த படிவத்தை யாரைக் கேட்டு மாற்றினாய் என்று. பிறகு கூட்டத்தில் பேசினார்கள். நான் ஏதோ பெரிய வெற்றி கண்டேன் என்று நினைக்க வேண்டாம், அந்தக் கிராமத்தில் சில வீடுகள் கூட்டுப் பெயரில் வந்தன, சிலவற்றுக்கு ஏற்கெனவே கடதாசி போய்விட்டது, அதை மாற்ற முடியவில்லை. கேள்வி கேட்ட அக்காவின் வீடு எந்தப் பக்கம் விழுந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, நான் அதற்குள் வேறு பிரதேசத்துக்கு மாற்றப்பட்டுவிட்டேன். அரச காணிகளில் இதே கதை இன்னும் நீளம்: 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசு வரிசையில் ஆண்பிள்ளைக்குத்தான் முன்னுரிமை, அதைத் திருத்தியது 2022இல்.

சரி, எங்கே படிப்பது. பலருக்கு இது குழப்பம். நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், முகாமைத்துவம், பிரயோக விஞ்ஞானம், சித்த வைத்தியம் இருக்கிறது. சமூகவியலுக்கு மட்டக்களப்புப் பக்கம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்துக்குப் போக வேண்டும், கலை கலாசார பீடம் அங்கேதான். யாழ்ப்பாணம், ஒலுவில், பேராதனை, கொழும்பு என்று மற்ற இடங்களிலும் உண்டு. அம்மா தூரத்துக்குப் பயந்தால் வந்தாறுமூலைக்கு இப்போது பஸ்ஸில் நேரே போகலாம். எங்கள் காலத்தில் அந்த வழியில் கிண்ணியா தொடங்கி ஒவ்வொரு ஆற்றுக்கும் பாதைப் படகில் ஏறி இறங்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, மற்றவை அதற்குப் பிறகு. பேராதனை போல வேறு மாகாணத்துக்குப் போனால் சிங்களப் பிள்ளைகளோடு ஒரே விடுதியில் இருக்கக் கிடைக்கும். நான் சிங்களம் பழகியது அங்கே சாப்பாட்டு வரிசையில்தான், அதற்குப் பிறகு கிடைத்த ஒவ்வொரு வேலையிலும் அது உதவியது.

இப்போது யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம், இதைக் கவனமாகக் கேளுங்கள். உயர்தரத்தில் சமூகவியல் என்று ஒரு பாடம் கிடையாது. ஆகவே ஆசிரியர் நியமனத்துக்குப் போகும்போது "எந்தப் பாடம் படிப்பிப்பீர்கள்?" என்று கேட்டால் சமூகவியல் என்று சொல்லி நிற்க முடியாது. முதல் வருடத்தில் மூன்று பாடம் எடுக்கச் சொல்வார்கள். அதில் ஒன்றாவது புவியியல், தமிழ், அரசறிவியல், பொருளியல் போலப் பாடசாலையில் இருக்கிற பாடமாக இருக்கட்டும். பொதுப் பட்டம் என்றால் அதைக் கடைசிவரை கொண்டுபோங்கள். சிநேகிதிகள் எடுக்கிறார்கள் என்று மூன்றையும் கண்ணைமூடி எடுத்துவிட்டு, பட்டமளிப்பு முடிந்த பிறகு அரச வேலை அறிவிப்பு வருகிற வர்த்தமானியைப் பார்த்து அழுதவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.

சிறப்பா பொதுவா என்று கேட்டால் சிறப்பு. ஒரு வருடம் கூட, ஆனால் ஆய்வேடு அதில்தான் இருக்கிறது. ஆய்வேடு எழுதாத சமூகவியல் பட்டம் நீச்சல் புத்தகம் மட்டும் வாசித்த மாதிரி. தலைப்பை முதுநிலை மாணவரின் பழைய ஆய்வேட்டைப் பார்த்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எடுக்காதீர்கள், விரிவுரையாளருக்கு அது இரண்டு பக்கத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டு வாசலில் கடல் இருக்கிறது. காலையில் கரைவலை இழுக்கிற இடத்தில் போய் ஒரு கிழமை சும்மா இருந்து பாருங்கள். சம்மாட்டி (வலை முதலாளி) யார், வலை யாருடைய காசில் வந்தது, கயிறு பிடிக்கிறவர்கள் எந்த ஊர், மடி கரைக்கு வந்ததும் மீனைப் பங்கு போடுகிற முறை என்ன, கறிக்கு என்று இரண்டு மீன் எடுக்கிற உரிமை யாருக்கு இருக்கிறது, யாரை விரட்டுகிறார்கள். முன்பு ஒரு ஊரே சேர்ந்து அம்பாப் பாட்டோடு இழுத்த வலையைப் பிறகு சில கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கயிற்றை விட்ட கைகள் இப்போது எங்கே வேலை செய்கின்றன? இது ஒன்றே ஒரு ஆய்வேடு. அது வேண்டாமென்றால் மூதூர், கிண்ணியாவிலிருந்து வளைகுடாவுக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை வளர்க்கிற அம்மம்மாக்கள், 2006இல் இடம்பெயர்ந்து பல வருடத்துக்குப் பிறகு திரும்பிய சம்பூர்க் குடும்பங்கள், கிழமைக் கடன் கட்டுகிற பெண்கள், நிலாவெளியில் ஹோட்டல் வந்த பிறகு காணி விலையோடு மாறிய உறவுகள். நகரத்துக்குள் ஆட்களோடு ஆட்களாகத் திரிகிற மான்கள் கூட ஒரு தலைப்புத்தான், சிரிக்க வேண்டாம், அவற்றுக்குச் சோறு வைப்பது யார், கல்லெறிவது யார் என்று பார்த்தால் தெருவின் பாதிக் கதை வந்துவிடும்.

வேலைக்கு வருவோம். அரச பக்கத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் என்று, பெரும்பாலும் பிரதேச செயலக மட்டத்தில், ஒரு வரிசை இருக்கிறது. இவை எல்லாம் போட்டிப் பரீட்சையோ நேர்முகமோ வைத்து எடுப்பவை, வருடாவருடம் கேட்பதும் இல்லை. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், முதலாம் வருடத்திலிருந்தே பார்த்துப் பழகுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை என்றால் நிர்வாக சேவைப் பரீட்சையும் எழுதலாம், அதற்குப் பட்டம்தான் கேட்பார்கள், பாடம் இல்லை. இந்த வேலைகளில் இருக்கும்போது படித்தது உதவுமா என்றால், 2023இல் அஸ்வெசும என்கிற அரச நலன்புரிக் கொடுப்பனவு வந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். 22 குறிகாட்டிகளை வைத்து யார் ஏழை என்று தீர்மானித்தார்கள். படிவத்தை நிரப்புவது யாராலும் முடியும். அந்தக் குறிகாட்டி இந்தக் கிராமத்தில் ஏன் பொருந்தவில்லை என்று மேன்முறையீட்டில் காரணத்தோடு எழுத ஒருவர் வேண்டும், அந்த வேலை சமூகவியல் படித்தவருக்குக் கைவரும்.

இதில் ஒரு குழப்பம்: சமூகவியலும் சமூகப்பணியும் ஒன்றில்லை. குடும்பங்களோடு நேரடியாக, ஒவ்வொரு பிரச்சினையாக எடுத்து வேலை செய்ய ஆசை என்றால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் சமூகப்பணிப் பட்டத்தையும் விசாரியுங்கள். சமூகவியல் முடித்துவிட்டு மேலே சமூகப்பணி அல்லது உளவளத்துணை டிப்ளோமா செய்கிறவர்களும் உண்டு, அது நல்ல சேர்க்கை.

என்ஜிஓ பக்கம். சுனாமிக்குப் பிறகு திருகோணமலையில் தெருவுக்குத் தெரு வெள்ளை வாகனம் நின்ற காலம் போய்விட்டது. இப்போது நிறுவனங்கள் குறைவு, ஒப்பந்தம் குறுகியது, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். ஆனாலும் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. கள உத்தியோகத்தராகச் சேர்ந்தால் ஒரு வருடத்தில் மாவட்டம் முழுக்கத் தெரியும், ஈச்சிலம்பற்றிலிருந்து புல்மோட்டை வரை. அதற்கு மேலே போகிற வழி கண்காணிப்பும் மதிப்பீடும் என்கிற வேலை. இப்போது கணக்கெடுப்பு எல்லாம் கோபோ மாதிரித் தரவு சேகரிக்கிற செயலி ஒன்றில் தொலைபேசியிலேயே நடக்கிறது. எக்செல் வடிவாகத் தெரிந்த, களத்திலும் நின்று கதைக்கத் தெரிந்த ஒரு பெண்பிள்ளையை எந்த நிறுவனமும் இலேசில் விடாது. அதோடு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ். சிரிக்காதீர்கள், நேர்முகத்தில் முதல் கேள்வியே அதாகத்தான் இருந்தது எனக்கு.

வீதி, மின்சாரம், நீர்ப்பாசனம் போன்ற பெரிய திட்டங்களிலும் இடம் இருக்கிறது. காணி எடுத்து ஆட்களை எழுப்ப வேண்டி வந்தால் அதைச் செய்கிற முறைக்கு 2001இல் அமைச்சரவை ஏற்ற ஒரு தேசியக் கொள்கை இருக்கிறது. வெளிநாட்டுக் கடனில் நடக்கும் திட்டம் என்றால் கடன் கொடுப்பவரும் சமூகத் தாக்கத்தைப் பார்க்க ஆள் வைக்கச் சொல்வார். இந்த வேலையில் சம்பளம் பரவாயில்லை, மனச்சாட்சிக்குத்தான் அடிக்கடி வேலை வரும். இவற்றை விட ஊடகம், மனிதவளப் பிரிவு, வங்கி என்று போனவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அதெல்லாம் எந்தப் பட்டத்தோடும் போகலாம், நீட்டவில்லை.

மொழி. தமிழில் படித்து முடிக்கலாம், தமிழில் சிந்திப்பது ஒரு பலமும் கூட. ஆனால் அறிக்கை ஆங்கிலத்தில் கேட்பார்கள், வாசிக்க வேண்டிய நல்ல ஆய்வுகளும் பெரும்பாலும் அதில்தான். 2007 யூலைக்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் இரண்டாவது அரச மொழியில் தேர்ச்சி பெற வேண்டும், நமக்கு அது சிங்களம். திருகோணமலையில் இருந்துகொண்டு இதைக் கஷ்டம் என்று சொல்லவே கூடாது, மூன்று இனமும் ஒரே மீன் சந்தையில் நிற்கிற ஊர். வெளிநாட்டில் முதுமாணி செய்ய ஆசை இருந்தால் பட்டம் முடித்த கையோடு விண்ணப்பித்துக்கொண்டு இருக்காமல் முதலில் வேலை செய்யுங்கள். பிரித்தானிய அரசின் செவனிங் போன்ற புலமைப்பரிசில்கள் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பவை.

கடைசிக் கேள்வி, கணிதம். ஆய்வு முறையில் புள்ளிவிபரவியல் வரும், ஒளிக்கவில்லை. சராசரி, வீதம், இடையம், மாதிரி எடுப்பது, பிறகு இரண்டு விஷயத்துக்கு நடுவில் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிற கை-வர்க்கச் (chi-square) சோதனை. கணக்கைக் கணினி செய்யும், எஸ்பிஎஸ்எஸ் என்று ஒரு மென்பொருள். எந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று தெரிந்தால் போதும். எனக்குச் சாதாரண தரத்தில் கணிதத்துக்கு வந்தது சாதாரண சித்திதான், அதையும் அப்பா மூன்று தரம் சுட்டெண்ணைச் சரிபார்த்துவிட்டுத்தான் நம்பினார்.